துப்பாக்கியின் நம்பகத்தன்மையைத் தாங்கும் சுருள்வில்: தேர்வில் கவனிக்க வேண்டியவை என்னென்ன?

லோத்குண்டா (ஐதராபாத்): அரைத் தானியங்கித் துப்பாக்கியின் பாகங்களில் விலை மிகக் குறைந்தவற்றுள் ஒன்று, அதன் பின்னுதைப்புச் சுருள்வில். படை வட்டாரங்களில் ரீகாயில் ஸ்பிரிங் என்றே அழைக்கப்படும் இந்தச் சிறு கம்பிச் சுருள் தளர்ந்துவிட்டால், குழலும் போல்ட்டும் விசையும் குறையின்றி இருந்தாலும் முதல் தோட்டாவுக்குப் பிறகு துப்பாக்கி நின்றுவிடக்கூடும். அதனால்தான் ஆயுதப் பராமரிப்பில் இதன் தேர்வும், உரிய காலத்தில் மாற்றுவதும் தனிக் கவனம் பெறுகின்றன.

செகந்திராபாத் பாசறைப் பகுதியை ஒட்டி, கரீம்நகர் நோக்கிச் செல்லும் ராஜீவ் ரஹதாரி நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது லோத்குண்டா. அதன் அருகிலுள்ள திருமலகிரியில், இந்தியத் தரைப்படையின் மின்னணு மற்றும் இயந்திரப் பொறியியல் இராணுவக் கல்லூரி இயங்கி வருகிறது. சிறு ஆயுதங்கள் முதல் கவச வாகனங்கள் வரை தரைப்படையின் தளவாடங்களைப் பழுதுநீக்கிப் பராமரிக்கும் பொறுப்பு, 1943-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் தேதி உருவாக்கப்பட்ட மின்னணு மற்றும் இயந்திரப் பொறியாளர் படைப்பிரிவுக்கு உரியது. அப்பிரிவின் முதன்மைப் பயிற்சி நிலையங்களுள் ஒன்றாக இக்கல்லூரி விளங்குகிறது.

துப்பாக்கி வடிவமைப்பிலும் ஐதராபாத் இடம்பிடித்துள்ளது. பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பின் கீழ் புணேயில் இயங்கும் படைக்கல ஆராய்ச்சி நிறுவனம், ஐதராபாத்தைச் சேர்ந்த த்வீபா ஆர்மர் நிறுவனத்துடன் இணைந்து உருவாக்கிய 'உக்ரம்' துப்பாக்கி 2024 ஜனவரியில் அறிமுகப்படுத்தப்பட்டது. சிறப்பு எஃகு வகைகளைத் தயாரிக்கும் பொதுத்துறை நிறுவனமான மிதானி, 1973-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டு இந்நகரில் இயங்கி வருகிறது.

சுருள்வில்லின் பணி என்ன?

விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு தோட்டா மட்டும் வெடித்து, அடுத்த தோட்டா தானாகவே தோட்டா அறைக்குள் ஏறி நிற்பதே அரைத் தானியங்கித் துப்பாக்கியின் இயல்பு. பெரும்பாலான இராணுவத் துப்பாக்கிகளில், தோட்டா வெடிக்கும்போது குழலுக்குள் எழும் வாயுவின் ஒரு பகுதி சிறு துளை வழியாகத் திருப்பிவிடப்படுகிறது. அந்த வாயு ஒரு பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் போல்ட் தாங்கியைப் பின்னோக்கிச் செலுத்துகிறது. பின்னோக்கிச் செல்லும் போல்ட், வெடித்த தோட்டாவின் வெற்று உறையை வெளியே இழுத்து எறிகிறது. அதே வேளையில் சுருள்வில்லையும் அழுத்துகிறது.

வாயுவின் வேலை அத்துடன் முடிகிறது. எஞ்சிய பாதி வேலை முழுவதும் சுருள்வில்லைச் சார்ந்தது. அழுத்தப்பட்ட சுருள்வில் விரிந்து போல்ட்டை முன்னோக்கித் தள்ளுகிறது. போகும் வழியில் போல்ட், மேகசினின் மேலுள்ள தோட்டாவை உருவி அறைக்குள் நுழைத்து, அறையின் வாயைப் பூட்டுகிறது. இவ்வளவும் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் நிகழ்ந்து முடிகின்றன.

பின்னுதைப்புச் சுருள்வில் என்ற பெயர் ஒரு தவறான எண்ணத்துக்கும் இடம் தருகிறது. தோளில் விழும் உதையைக் குறைப்பதே இதன் நோக்கம் எனப் பலர் கருதுகின்றனர். போல்ட்டின் வேகத்தை ஓரளவு தணிப்பது உண்மையே; ஆயினும் முதன்மைப் பணி போல்ட்டைத் திரும்பக் கொண்டுவந்து பூட்டுவதுதான். பிரித்தானிய இராணுவ மரபில் இது 'திருப்புச் சுருள்வில்' என்றே குறிக்கப்படுகிறது.

இந்தியத் துப்பாக்கிகளில் எங்கே உள்ளது?

1962-ஆம் ஆண்டு சீனாவுடனான போரில் இந்திய வீரர்கள் பெரும்பாலும் .303 லீ என்ஃபீல்டு துப்பாக்கிகளையே ஏந்தியிருந்தனர். ஒவ்வொரு முறை சுட்ட பின்னரும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டிய துப்பாக்கி அது. அதில் பின்னுதைப்புச் சுருள்வில்லுக்கு வேலை இல்லை. அப்போருக்குப் பின் 7.62 மில்லிமீட்டர் 1ஏ1 துப்பாக்கி பரவலாகப் படைக்கு வந்தது. எஸ்எல்ஆர் என்ற பெயரில் காவலர்கள் நன்கறிந்த இந்த அரைத் தானியங்கித் துப்பாக்கி, பெல்ஜிய நாட்டின் எஃப்ஏஎல் வடிவத்தைத் தழுவியது. தரைப்படையிலிருந்து பெருமளவு விலக்கப்பட்ட பின்னரும் பல மாநிலக் காவல் படைகளில் இது நெடுங்காலம் புழக்கத்தில் இருந்து வந்துள்ளது.

எஸ்எல்ஆரின் சுருள்வில் பின்கட்டைக்குள் உள்ள குழாயில் இருக்கிறது. அது ஒற்றைச் சுருளன்று. ஒன்றனுள் ஒன்றாகப் பொருந்திய இரு சுருள்கள். குறுகிய இடத்தில் தேவையான விசையைப் பெறவும், சுமையைப் பகிர்ந்துகொள்ளவும் இவ்வமைப்பு உதவுகிறது. ஆனால் சுருள்வில் பின்கட்டைக்குள் இருப்பதால் கட்டையை மடிக்க இயலாது. வான்குடை வீரர்களுக்கென மடக்குக் கட்டையுடன் எஃப்ஏஎல் உருவாக்கப்பட்டபோது, சுருள்வில் போல்ட் தாங்கியின் மேற்பகுதிக்கு இடமாற்றப்பட்டது.

ஏகே வகைத் துப்பாக்கிகளில் சுருள்வில், ஒரு வழிகாட்டித் தண்டின் மேல் அமர்ந்து போல்ட் தாங்கிக்குள் நுழைந்து நிற்கும். அத்தண்டின் பின்முனையே மேல்மூடியையும் பூட்டிப் பிடித்திருக்கும். உத்தரப் பிரதேச மாநிலம் அமேதி மாவட்டத்தின் கோர்வாவில், இந்திய-ரஷ்யக் கூட்டு முயற்சியில் 6,01,427 ஏகே-203 துப்பாக்கிகளைத் தயாரிக்க 2021 டிசம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. தமிழ்நாட்டில், 1966-ஆம் ஆண்டு முதல் இயங்கும் திருச்சிராப்பள்ளி படைக்கலத் தொழிற்சாலை, ஏகே அமைப்பைப் பின்பற்றிய 'திருச்சி தாக்குதல் துப்பாக்கி'யைத் தயாரித்துள்ளது. அத்தொழிற்சாலை 2021 அக்டோபர் 1 முதல், கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட மேம்பட்ட ஆயுதங்கள் மற்றும் உபகரணங்கள் இந்தியா நிறுவனத்தின் கீழ் உள்ளது.

2019 பிப்ரவரியில் 72,400 எண்ணிக்கையில் வாங்க ஒப்பந்தமான சிக் 716 துப்பாக்கியில், ஏஆர் வகைக்கே உரிய முறையில், சுருள்வில்லும் அதன் முனையில் தணிப்பான் என்ற எடைக்கட்டியும் பின்கட்டைக் குழாய்க்குள் வைக்கப்பட்டுள்ளன.

மேற்கண்ட வகைகளுள் ஒன்றின் சுருள்வில் மற்றொன்றுக்குப் பொருந்தாது. நீளமும் விட்டமும் ஒத்திருப்பதாகத் தோன்றினாலும் விசை வேறுபடும். எனவே தேர்வின் முதல் விதி, குறிப்பிட்ட துப்பாக்கியின், குறிப்பிட்ட மாதிரிக்கு உரிய வரைபட எண் கொண்ட சுருள்வில்லையே பெறுவதாகும்.

விசை கூடினால் நல்லதா?

சற்றுக் கடினமான சுருள்வில்லைப் பொருத்தினால் துப்பாக்கி உறுதியாக இயங்கும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. இந்நம்பிக்கைக்கு இயற்பியல் துணை நிற்பதில்லை.

சுருள்வில் தளர்ந்திருந்தால், பின்னோக்கி வரும் போல்ட் தேவைக்கு மிஞ்சிய வேகத்துடன் சட்டத்தின் பின்சுவரில் மோதும். சட்டமும் போல்ட்டும் நாளடைவில் விரிசல் காணும். திரும்பும்போதோ, அழுக்கோ குளிரோ சற்றுத் தடுத்தாலும் போல்ட் முழுமையாக மூடாமல் நின்றுவிடும்.

சுருள்வில் அளவுக்கு மீறிக் கடினமாக இருந்தால் வேறு விதமான சிக்கல் எழும். போல்ட் முழுத் தொலைவு பின்வாங்காமல் பாதியில் திரும்பிவிடும். வெற்று உறை வெளியேறாமல் வாயிலில் சிக்கலாம்; உறை வெளியேறினாலும் அடுத்த தோட்டாவை எடுக்கும் இடத்துக்குப் போல்ட் எட்டாமல் வெறும் அறையைப் பூட்டிவிடலாம். முன்னோக்கி வரும் வேகமும் கூடுவதால் போல்ட் மோதித் துள்ளும் வாய்ப்பும் உண்டு.

ஆகவே தேவைப்படுவது வலிமையான சுருள்வில்லன்று, பொருத்தமான சுருள்வில். தோட்டாவின் ஆற்றல், வாயுத் துளையின் அளவு, போல்ட்டின் எடை, மேகசின் சுருள்வில்லின் வேகம் ஆகிய அனைத்துடனும் அது இசைந்து இயங்க வேண்டும்.

இதற்கு வரலாற்றில் அறியப்பட்ட சான்று அமெரிக்காவின் எம்16. வியட்நாம் போரின்போது அத்துப்பாக்கியின் தோட்டாவில் நிரப்பப்படும் வெடிமருந்தின் வகை மாற்றப்பட்டது. அதனால் துப்பாக்கி வடிவமைத்ததைவிட வேகமாக இயங்கத் தொடங்கியது. களத்தில் எழுந்த கோளாறுகளும் வீரர்களின் புகார்களும் 1967-ஆம் ஆண்டில் நாடாளுமன்றக் குழுவின் விசாரணை வரை சென்றன. எடை கூடிய புதிய தணிப்பானைப் பொருத்துவதும், தோட்டா அறைக்குக் குரோமியப் பூச்சு இடுவதும், வீரர்களுக்குத் துப்புரவுக் கருவிகள் வழங்குவதும் தீர்வின் பகுதிகளாக அமைந்தன. தோட்டா ஒன்று மாறியதும் போல்ட்டின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு முழுவதையும் மறு ஆய்வு செய்ய வேண்டியதாயிற்று.

கம்பியின் கணக்கு

சுருள்வில்லின் விறைப்பு எவ்வளவு நுட்பமாக மாறுகிறது என்பதை ஒரு கணக்கு விளக்கும். கம்பியின் விட்டம் நான்கு முறை தன்னால் பெருக்கப்பட்ட அளவுக்கு நேர் விகிதத்திலும், சுருளின் சராசரி விட்டம் மூன்று முறை தன்னால் பெருக்கப்பட்ட அளவுக்கும் இயங்கும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கும் எதிர் விகிதத்திலும் விறைப்பு அமைகிறது.

இதன்படி, கம்பியின் தடிமன் 5 விழுக்காடு கூடினாலே விறைப்பு ஏறத்தாழ 22 விழுக்காடு உயர்ந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் கம்பியில் 5 விழுக்காடு என்பது 0.05 மில்லிமீட்டர் மட்டுமே. வெறுங்கண்ணால் அதைக் காண இயலாது. சுருளின் விட்டம் 5 விழுக்காடு குறைந்தால் விறைப்பு சுமார் 17 விழுக்காடு கூடும். பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் இரு சுருள்வில்கள் செயலில் வேறுபடுவதன் காரணம் இதுவே. அளவு நுண்ணளவி கொண்டு கம்பியை அளப்பதும், குறித்த நீளத்துக்கு அழுத்தும்போது சுருள்வில் தரும் விசையைச் சோதிப்பதும் இதனாலேயே இன்றியமையாதவை.

எந்த எஃகு நீடித்து உழைக்கும்?

பின்னுதைப்புச் சுருள்வில்களுக்குப் பெரும்பாலும் மூவகைக் கம்பிகள் பயன்படுகின்றன.

முதலாவது, இசைக்கருவிகளின் கம்பியாகவும் பயன்படுவதால் மியூசிக் ஒயர் எனப் பெயர் பெற்ற உயர் கார்பன் எஃகுக் கம்பி. குளிர்நிலையில் அச்சுகளின் வழியே இழுத்து மெலிதாக்கப்படும் இக்கம்பியின் இழுவலிமை, ஒரு மில்லிமீட்டர் அளவில் 2,000 மெகாபாஸ்கலைத் தாண்டும். வீடு கட்டப் பயன்படும் எஃப்இ 500 கம்பிக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்ச இழுவலிமை 545 மெகாபாஸ்கல் என்பதோடு ஒப்பிட்டால் இதன் உறுதி விளங்கும். விலை குறைவு, மீண்டும் மீண்டும் வளைவதைத் தாங்கும் ஆற்றல் மிகுதி. ஆனால் ஈரத்தில் துருப்பிடிக்கும். ஏறத்தாழ 120 பாகை செல்சியசுக்கு மேல் விசையை இழக்கத் தொடங்கும்.

இரண்டாவது, குரோம் சிலிக்கான் எஃகு. எண்ணெயில் குளிர்வித்துப் பதப்படுத்தப்படும் இவ்வகை, கார் என்ஜின்களின் வால்வு சுருள்வில்களில் பரவலாகப் பயன்படுகிறது. அதிர்ச்சிச் சுமையையும், 240 பாகை செல்சியஸ் அளவிலான வெப்பத்தையும் தாங்க வல்லது. தொடர்ச்சியாகச் சுட்டுச் சூடேறும் துப்பாக்கிகளுக்கு ஏற்றது. எனினும் இதுவும் துருப்பிடிக்கக் கூடியதே, மேற்பூச்சு அவசியம்.

மூன்றாவது, துருப்பிடிக்காத எஃகு. கடலோரப் பகுதிகளுக்கும் மழை மிகுந்த இடங்களுக்கும் உகந்தது. 17-7 பிஎச் என்ற கலவை, துரு எதிர்ப்புடன் வெப்பம் தாங்கும் திறனும் கொண்டது, விலை கூடுதல். இங்கு ஓர் எச்சரிக்கை உண்டு. சாதாரண 302 வகைத் துருப்பிடிக்காத எஃகின் விறைப்புக் குணகம் ஏறத்தாழ 69 கிகாபாஸ்கல். கார்பன் எஃகுக்கோ அது 79 கிகாபாஸ்கல். ஆகவே ஒரே அளவில் செய்யப்பட்டாலும் துருப்பிடிக்காத எஃகுச் சுருள்வில்லின் விசை சுமார் 13 விழுக்காடு குறையும். துருவுக்குத் தீர்வு காண்பதாக எண்ணி, அளவை மாற்றாமல் பொருளை மட்டும் மாற்றினால் துப்பாக்கி திணறும்.

சில இயந்திரத் துப்பாக்கிகளில், மெல்லிய கம்பிகள் பலவற்றை முறுக்கிச் செய்த பல இழைச் சுருள்வில் பயன்படுகிறது. இழைகள் ஒன்றோடொன்று உரசி அதிர்வைத் தணிப்பதும், ஓர் இழை அறுந்தாலும் மற்றவை சிறிது நேரம் தாங்குவதும் இதன் நன்மைகள்.

இந்தியாவில் சுருள்வில் கம்பிகளுக்கு ஐஎஸ் 4454 என்ற தர நிர்ணயம் நடைமுறையில் உள்ளது. குளிர் இழுவைக் கம்பி, எண்ணெயில் பதப்படுத்திய கம்பி, துருப்பிடிக்காத எஃகுக் கம்பி ஆகியவற்றுக்கு அதில் தனித்தனிப் பகுதிகள் உள்ளன. சுருள்வில்களின் வடிவமைப்புக்கும் தயாரிப்புக்கும் ஐஎஸ் 7906 வழிகாட்டுகிறது.

ஆயுளைத் தீர்மானிக்கும் நான்கு நிலைகள்

ஒரே கம்பியில் செய்யப்பட்ட இரு சுருள்வில்களில் ஒன்று சில ஆயிரம் சுடுகைகளில் தளர்வதும், மற்றொன்று பல மடங்கு நீடிப்பதும் உண்டு. வேறுபாடு தயாரிப்பில் உள்ளது.

கம்பியைச் சுற்றும்போது அதனுள் தங்கும் உட்தகைவை, மிதமான வெப்பத்தில் வைத்து நீக்க வேண்டும். இது முதல் நிலை. அடுத்து, எஃகு மணிகளை வேகமாக வீசிக் கம்பியின் மேற்பரப்பில் மோதச் செய்வர். ஷாட் பீனிங் எனப்படும் இம்முறையில் மேற்பரப்பு அமுக்கநிலைக்கு உள்ளாவதால், உலோகக் களைப்பின் முதல் விரிசல் தோன்றுவது தள்ளிப்போகிறது.

மூன்றாவது நிலையில், சுருள்வில்லைச் சுற்றுகள் ஒன்றையொன்று தொடும் வரை சில முறை அழுத்தி விடுவிப்பர். அதனால் சிறிதளவு நீளம் குறைந்து நிலைபெறும். இந்த நிலைப்படுத்தலைத் தயாரிப்பாளர் செய்யாவிட்டால், அது துப்பாக்கிக்குள் முதல் சில நூறு சுடுகைகளில் நடந்தேறி விசை குறைந்துவிடும்.

நான்காவது நிலை மேற்பூச்சு. பாஸ்பேட் பூச்சின் மேல் எண்ணெய் தடவுவது வழக்கமான முறை. மின்முலாம் பூசினால் ஹைட்ரஜன் அணுக்கள் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மையுடையதாக்கும் அபாயம் உண்டு. முலாம் பூசிய உடனே குறித்த நேரம் சூடேற்றி அந்த ஹைட்ரஜனை வெளியேற்றாவிட்டால், பளபளப்பான புதிய சுருள்வில்கூட எந்த முன்னறிவிப்புமின்றி முறியலாம்.

எப்போது மாற்ற வேண்டும்?

சுருள்வில் பெரும்பாலும் திடீரென முறிவதில்லை. சிறிது சிறிதாக நீளம் குறைந்து தளர்கிறது. ஆகையால், சுமையின்றித் தனியே வைத்து அளக்கும் நீளமே களத்தில் எளிதாகச் செய்யக்கூடிய முதல் சோதனை.

எம்16 குடும்பத் துப்பாக்கிகளுக்கான அமெரிக்க இராணுவப் பராமரிப்புக் கையேடு இதற்கு எண்களைத் தருகிறது. குறுந்துப்பாக்கி வகையின் சுருள்வில் 10.06 அங்குலத்துக்குக் குறையாமலும் 11.25 அங்குலத்துக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். முழுநீளத் துப்பாக்கிக்கு இவ்வரம்பு 11.75 முதல் 13.5 அங்குலம் வரை. குறைந்தபட்ச அளவுக்குக் கீழே சென்ற சுருள்வில், வேறு குறை எதுவும் தெரியாவிட்டாலும் கழிக்கப்பட வேண்டும். இவ்வெண்கள் அத்துப்பாக்கிகளுக்கு மட்டுமே உரியவை. எஸ்எல்ஆர், இன்சாஸ், ஏகே ஆகிய ஒவ்வொன்றுக்கும் அதனதன் பராமரிப்புக் கையேட்டில் உள்ள வரம்பே செல்லும்.

நீளம் குறைந்த சுருள்வில்லைக் கையால் இழுத்து நீட்டி மீண்டும் பொருத்துவது தவறான வழக்கம். நீளம் திரும்பியதாகத் தோன்றினாலும், களைப்படைந்த உலோகம் மேலும் சேதமடைவதுடன் சில சுடுகைகளிலேயே பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

எஸ்எல்ஆர் போன்ற இரட்டைச் சுருள் அமைப்பில் இரண்டையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. புதியதும் பழையதும் கலந்தால் சுமை சமமாகப் பகிரப்படாது. ஒன்றனுள் ஒன்றாக அமையும் சுருள்கள் பொதுவாக எதிரெதிர்த் திசையில் சுற்றப்பட்டிருக்கும். ஒரே திசையில் சுற்றினால் ஒன்றின் சுற்றுகளுக்கிடையே மற்றொன்று சிக்கிக்கொள்ளும்.

நீளத்துடன் சில அறிகுறிகளையும் கவனிக்க வேண்டும். வெற்று உறை வழக்கத்தைவிடத் தொலைவில் சென்று விழுவது, போல்ட் பின்னே மோதும் ஓசை கூடுவது, போல்ட் கடைசிச் சிறு தொலைவில் தயங்கி மூடுவது, கம்பியில் துருப்புள்ளிகளோ உரசல் தடங்களோ காணப்படுவது ஆகியன தளர்ச்சியைக் காட்டலாம். துருப்புள்ளி சிறிதாயினும் அதிலிருந்தே விரிசல் தொடங்கும் என்பதால், அத்தகைய சுருள்வில்லைத் துடைத்துப் பயன்படுத்துவதைவிட மாற்றுவதே பாதுகாப்பானது.

நீண்ட நாள் அழுந்திய நிலையில் இருப்பதால் மட்டுமே சுருள்வில் கெடுவதில்லை. வடிவமைப்பு வரம்புக்குள் இருக்கும் வரை, அசையாத அழுத்தம் பெரிய சேதத்தை ஏற்படுத்தாது. அழுந்தி விரியும் சுழற்சிகளின் எண்ணிக்கையும், வரம்பு மீறிய அழுத்தமும், வெப்பமும் துருவுமே ஆயுளைக் குறைக்கின்றன. இதனால் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் எத்தனை தோட்டாக்கள் சுடப்பட்டன என்ற பதிவேடு, சுருள்வில்லின் ஆயுட்கணக்காகவும் விளங்குகிறது. ஆண்டுக்கு ஒருமுறை சுடும் பயிற்சிக்கு மட்டும் எடுக்கப்படும் காவல் நிலையத் துப்பாக்கியையும், நாள்தோறும் பல காவலர்கள் மாறி மாறிச் சுடும் பயிற்சிப் பள்ளித் துப்பாக்கியையும் ஒரே கால அட்டவணையில் பராமரிப்பது பொருத்தமாகாது.

தட்பவெப்பம் தரும் சோதனை

இந்தியாவில் ஒரே வகைத் துப்பாக்கி, சியாச்சின் பனியிலும் ராஜஸ்தான் மணலிலும் ராமேசுவரம் உப்புக் காற்றிலும் இயங்க வேண்டியுள்ளது. கடுங்குளிரில் மசகெண்ணெய் கெட்டிப்பட்டுப் போல்ட்டின் ஓட்டத்தைத் தடுக்கிறது. அப்போது சுருள்வில்லில் மிச்சமிருக்கும் விசையே போல்ட்டை மூட உதவும். மணல் நிறைந்த இடத்தில் எண்ணெய் மிகுந்தால் தூசி ஒட்டி அரத்தைப் போலக் கம்பியைத் தேய்க்கும். கடலோரத்திலோ எண்ணெய் குறைந்தால் துரு பிடிக்கும். பின்கட்டைக்குள் மறைந்திருக்கும் எஸ்எல்ஆர் சுருள்வில், தூசியிலிருந்து ஓரளவு தப்பினாலும், உள்ளே புகுந்த ஈரம் வெளியேறாமல் தங்கும் இடமாகவும் அக்குழாய் மாறக்கூடும். வெளிப்புறத் துப்புரவோடு நின்றுவிடாமல், குறித்த காலத்தில் சுருள்வில்லைக் கழற்றிப் பார்ப்பது இதனால் தேவையாகிறது.

சிறு பாகம் ஒன்றின் குறை ஒட்டுமொத்த ஆயுதத்தின் பெயரையே கெடுக்கும் என்பதற்கு இந்திய அனுபவமே சான்று. 1999 கார்கில் போரின் கடுங்குளிரில் இன்சாஸ் துப்பாக்கியின் பிளாஸ்டிக் மேகசின்கள் விரிசல் கண்டதாக எழுந்த புகார்கள், அத்துப்பாக்கியை இறுதிவரை தொடர்ந்தன.

2019 ஆகஸ்டில், பீகார் முன்னாள் முதலமைச்சர் ஜகந்நாத் மிஸ்ராவின் இறுதிச் சடங்கில் அரசு மரியாதை செலுத்தக் காவலர்கள் உயர்த்திய துப்பாக்கிகளில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. அச்சம்பவத்தைச் சுருள்வில்லோடு தொடர்புபடுத்த இயலாது. எனினும், கிடங்கில் உறங்கும் ஆயுதமும் தோட்டாவும் சோதிக்கப்படாவிட்டால் என்ன நேரும் என்பதை அந்த மௌனம் நாடறியக் காட்டியது. சடங்கில் அது சங்கடமாக முடிந்தது. மோதலில் அதே தோல்வி ஒரு காவலரின் உயிரைக் கேட்கும்.

கொள்முதலில் கவனம்

படைகளுக்கான சுருள்வில், கடைச் சரக்கைப் போல விலையை மட்டும் ஒப்பிட்டு வாங்கத்தக்கதன்று. இந்தியாவில் பாதுகாப்புத் தளவாடங்கள் பலவற்றின் அதிகாரப்பூர்வ வரைபடங்களையும் விவரக்குறிப்புகளையும் பாதுகாப்புத் துறையின் தர உறுதித் தலைமை இயக்குநரகம் பேணி வருகிறது. அவ்வரைபடத்துக்கு இணங்கச் செய்யப்பட்டதா என்பதே முதல் கேள்வி.

அதன்பின், கம்பியின் தரச் சான்று, வெப்பப் பதப்படுத்தல் விவரம், ஷாட் பீனிங்கும் நிலைப்படுத்தலும் செய்யப்பட்டதற்கான பதிவு, ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் எடுத்த மாதிரிகளின் விசைச் சோதனை முடிவு, பல்லாயிரம் முறை அழுத்தி விடுவித்த சோதனைக்குப் பின் நீளம் எவ்வளவு குறைந்தது என்ற அளவு ஆகியவை கேட்டுப் பெறத்தக்கவை. தொகுதி எண் பொறிக்கப்பட்ட உறையில் வரும் சுருள்வில்லில் குறை தென்பட்டால், அதே தொகுதியைச் சேர்ந்த மற்றவற்றையும் தேடித் திரும்பப் பெற இயலும். எண்ணற்று மொத்தமாக வரும் சரக்கில் அவ்வசதி இல்லை.

புதிய சுருள்வில்லைப் பொருத்தியதும், தோட்டா ஏதும் இல்லை என்பதை உறுதி செய்த பின், போல்ட்டைப் பின்னிழுத்து விட்டு அது முழுமையாக மூடுகிறதா எனப் பார்க்க வேண்டும். அதன் பிறகு, பணியில் பயன்படுத்தும் அதே வகைத் தோட்டாவைக் கொண்டு சுடுதளத்தில் சோதித்தே துப்பாக்கியைக் காவலரிடம் ஒப்படைக்க வேண்டும். பயிற்சித் தோட்டாவில் சீராக இயங்கும் துப்பாக்கி, ஆற்றல் வேறுபட்ட பணித் தோட்டாவிலும் அவ்வாறே இயங்கும் என்பதற்கு உறுதியில்லை.

சட்டம் சொல்வது என்ன?

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், துப்பாக்கி என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களையும் அடக்குகிறது. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி அரைத் தானியங்கி நீள்துப்பாக்கிகள் பொதுமக்களுக்குப் பொதுவாகத் தடை செய்யப்பட்ட வகையில் வருகின்றன. எனவே இத்தகைய சுருள்வில்லின் தேர்வு, பெரும்பாலும் தரைப்படை, துணை இராணுவம், காவல்துறை ஆகியவற்றின் ஆயுதக் கிடங்குகளுக்கும் உரிமம் பெற்ற தயாரிப்பாளர்களுக்கும் உரிய பொறுப்பாகும். உரிமத்துடன் பிற துப்பாக்கிகளை வைத்திருப்போரும் பாகங்களை உரிமம் பெற்ற விற்பனையாளரிடமே பெற்று, தகுதி பெற்ற பழுதுநீக்குநரைக் கொண்டே பொருத்துவது முறை.

சுருக்கமாகக் கூறின், நீடித்து உழைக்கும் சுருள்வில்லுக்கு ஐந்து அடையாளங்கள் உள்ளன: துப்பாக்கியின் மாதிரிக்கு உரிய வரைபடம், சான்றளிக்கப்பட்ட கம்பி, முறையாக முடிக்கப்பட்ட தயாரிப்பு நிலைகள், தொகுதிச் சோதனை முடிவுகள், பொருத்திய பின் தொடரும் நீள அளவீடும் சுடுகைப் பதிவும். முதல் நான்கும் வாங்கும் நாளில் முடிந்துவிடுகின்றன. ஐந்தாவது, துப்பாக்கி பணியில் இருக்கும் நாள் வரை கிடங்குக் காப்பாளரின் அளவுகோலையும் பதிவேட்டையும் நம்பியே நிற்கிறது.